அந்த ஒற்றைப் பெடல்: சாலைப் பந்தயத்தில் இரவல் பொருளும் விதியும்

1930ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 16ஆம் கட்டம் கிரெனோபிளில் தொடங்கி, ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள ஏவியானில் முடிந்தது. ஒரே நாளில் கடக்க வேண்டிய தொலைவு 331 கிலோமீட்டர். வழியில் 2,500 மீட்டருக்கும் மேலே உயர்ந்து நிற்கும் கலிபியே கணவாய். பிரான்ஸ் அணியின் ஆந்த்ரே லெதுக், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியுடன் அன்று புறப்பட்டபோது, இத்தாலியரான லெயார்கோ குவெர்ராவைவிட ஏறக்குறைய 16 நிமிடம் முன்னிலையில் இருந்தார். அன்றைய கட்டத்துக்குப் பிறகு பாரிஸ் போய்ச் சேர இன்னும் ஐந்து கட்டங்களே இருந்த நிலையில், அந்த முன்னிலை தாங்கும் என்று நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

கலிபியேவின் இறக்கத்தில் லெதுக் விழுந்தார். நினைவு தப்பிக் கிடந்தவரை அணித்தோழர் பியேர் மாஞ் கண்டு எழுப்பினார். காயத்தோடு மறுபடியும் ஏறி ஓட்டத் தொடங்கினார். கலிபியேயிலிருந்து வடக்கே இறங்குபவர்களுக்கு, வல்வார் ஊரைத் தாண்டியதும் தெலெக்ராஃப் கணவாயை நோக்கி ஒரு சிறிய ஏற்றம் எதிர்ப்படும். மற்ற நாட்களில் யாரும் பொருட்படுத்தாத அந்த ஏற்றத்தில், முதல் வீழ்ச்சியில் அடிபட்டிருந்த பெடல் ஒடிந்துபோக, லெதுக் இரண்டாம் முறையும் சாலையில் விழுந்தார். பந்தயம் கைவிட்டுப் போனது என்று எண்ணிச் சாலையோரத்தில் உட்கார்ந்து அவர் அழுகிற புகைப்படம், இந்தப் பந்தயத்தின் வரலாற்றைப் புரட்டும் எவர் கண்ணிலும் இன்றும் படும்.

அணித்தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பார்வையாளர் ஒருவரின் சைக்கிளிலிருந்து பெடல் ஒன்றைக் கழற்றி லெதுக்கின் சைக்கிளில் பூட்டினார்கள். அதற்குள் குவெர்ரா கால் மணி நேர அளவுக்கு முன்னே போய்விட்டிருந்தார். மார்செல் பிதோ, ஷார்ல் பெலிசியே, மாஞ் சகோதரர்கள் ஆகியோர் மாறி மாறி முன்னின்று எதிர்காற்றைத் தாங்கிக்கொள்ள, லெதுக் அவர்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு நெடுகத் துரத்தி, முன்னே சென்றவர்களைப் பிடித்து, ஏவியானில் நடந்த இறுதிப் பாய்ச்சலில் அந்தக் கட்டத்தையே வென்றார். பாரிசில் அவர் பந்தயத்தை வென்றபோது குவெர்ரா 14 நிமிடம் 13 நொடி பின்னால் இருந்தார்.

தோழர்களின் தியாகமே இந்த நிகழ்வின் மையம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெடல் இல்லாமல் தியாகம் செய்ய எதுவுமே மிஞ்சியிருக்காது. ஊர் பேர் தெரியாத ஒருவரின் சைக்கிளிலிருந்து வந்த ஓர் இரும்புத் துண்டு, உலகின் தலைசிறந்த சாலைப் பந்தயத்தின் முடிவைத் தாங்கியது. அது எப்படிச் சாத்தியமாயிற்று, அதற்கு முந்தைய ஆண்டு ஏன் சாத்தியப்படவில்லை, இன்றைக்கு ஏன் சாத்தியமே இல்லை என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பொருந்தியது எப்படி

பெடல் பார்வைக்கு எளிய பொருள். அதன் அச்சின் நுனியில் மரை வெட்டியிருக்கும். அது பெடலைத் தாங்கும் கிராங்க் என்ற கையில் உள்ள துளைக்குள் திருகி ஏறும். வலப்பக்கப் பெடல் வழக்கமான திருகைப் போல வலஞ்சுழியாக இறுகும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். இல்லையென்றால் மிதிக்க மிதிக்க அது தானாகவே கழன்று வந்துவிடும். ஆகவே ஒடிந்தது எந்தப் பக்கத்துப் பெடலோ, அதே பக்கத்துப் பெடலைத்தான் இரவல் சைக்கிளிலிருந்தும் எடுக்க வேண்டும். கழற்றுகிறவர் பதற்றத்தில் இடப் பெடலை வழக்கமான திசையில் திருப்பினால் அது இன்னும் இறுகிப்போகும். மெல்லிய ஸ்பேனர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். வெறும் கையால் இந்த வேலை ஆகாது. குளிர்காற்றில், அழுதுகொண்டிருக்கும் மஞ்சள் ஜெர்சிக்காரரின் பக்கத்தில் மண்டியிட்டு இதைச் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சைக்கிளில் கை வைத்துப் பழகியவர்கள் உணர்வார்கள்.

மரையின் அளவு இதைவிட முக்கியம். அக்காலப் பிரெஞ்சுத் தயாரிப்புகளில் பெடல் மரையின் விட்டம் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். ஆங்கிலேய அளவு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு, அதாவது 14.29 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். என்றாலும் ஆங்கிலேயப் பெடல் பிரெஞ்சு கிராங்கில் நுழையாது, பிரெஞ்சுப் பெடல் ஆங்கிலேய கிராங்கில் ஆடும். பிரெஞ்சு ஆல்ப்சில், பிரெஞ்சுச் சாலையோரத்தில் நின்றிருந்த ஒருவரின் சைக்கிளும் பந்தயச் சைக்கிளும் ஒரே அளவில் அமைந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பு அன்று கைகொடுத்தது.

மூன்றாவதாகக் காலணி. 1930இல் பெடலின் மேல் ஒரு வளைந்த கம்பிக்கூடும் தோல் வாரும் இருக்கும். அவற்றுக்குள் காலணியைச் செருகி வாரை இழுத்துக்கொள்வார்கள். கூடும் வாரும் இல்லாத சாதாரணப் பெடல் கிடைத்தாலும் காலை வைத்து மிதிக்கலாம், வசதி குறையும் அவ்வளவுதான். எந்தக் காலணிக்கும் எந்தப் பெடலும் ஒருவாறு சரிப்பட்டுப் போன காலம் அது. சைக்கிள்களின் மற்ற உறுப்புகளும் எளிமையானவை. கியர் மாற்றும் கருவியை டூர் டி பிரான்ஸ் அனுமதித்ததே 1937இல்தான். அதுவரை போட்டியாளர்கள் இறங்கி நின்று பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் பல்லெண்ணிக்கையை மாற்றிக்கொண்டார்கள். சந்தையில் விற்கும் சைக்கிளுக்கும் பந்தயச் சைக்கிளுக்கும் இடையே எடையிலும் நேர்த்தியிலும் வேறுபாடு இருந்ததே தவிர, உறுப்புகள் ஒன்றையொன்று ஏற்க மறுக்கும் அளவுக்கு விலகல் இல்லை.

ஓராண்டுக்கு முன்

பொருள் பொருந்தினால் மட்டும் போதாது என்பதை 1929ஆம் ஆண்டுப் பந்தயம் காட்டியிருந்தது. விக்தோர் ஃபோந்தான் பிரனே (பைரனீஸ்) மலைப்பகுதிக்காரர். முதல் உலகப்போரில் காயம்பட்டவர். 37 வயதில், தன் சொந்த மலைகளில் நடந்த கட்டத்தின் முடிவில் லூஷோனில் மஞ்சள் ஜெர்சியைப் பெற்றார். அடுத்த நாள் லூஷோனிலிருந்து பெர்பிஞான் வரை 323 கிலோமீட்டர். பொழுது விடியும் முன்பே புறப்பட்ட அந்தக் கட்டத்தில் சில கிலோமீட்டர்கள் மட்டுமே போயிருந்தபோது அவர் விழுந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒடிந்தது.

தொடங்கிய சைக்கிளோடுதான் கட்டத்தை முடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஃபோந்தான் இருட்டில் அருகிலிருந்த ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி மாற்று சைக்கிள் கேட்டார். கிடைத்தது. ஒடிந்த சைக்கிளை விட்டுச் செல்ல விதி இடம் கொடுக்காததால், அதை முதுகில் கட்டிக்கொண்டு இரவல் சைக்கிளில் மலைகளின் ஊடே ஓட்டினார். சுமார் 145 கிலோமீட்டர் அப்படியே சென்ற பிறகு, இனி முடியாது என்று பந்தயத்திலிருந்து விலகினார். பந்தயச் செய்திகளை வானொலி முதன்முதலாகச் சுடச்சுடத் தந்துகொண்டிருந்த ஆண்டு அது. அவருடைய அழுகை பிரான்ஸ் முழுவதும் ஒலித்தது.

இந்த நிகழ்வை அதன் முழுக் கனத்தோடு பார்க்க வேண்டும். இரவல் கொடுக்க ஆள் இருந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஒருவர், யார் என்ன என்று பெரிதாக விசாரிக்க நேரமில்லாத நிலையில், தன் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். அதில் ஏறி ஓட்டவும் முடிந்தது. எடுத்துச் செல்லவே தேவையில்லாத ஒரு சுமையை முதுகில் ஏற்றியது விதி மட்டுமே. ஒரு சைக்கிளின் எடைக்கு மேல் இன்னொரு சைக்கிளின் எடை. இறக்கங்களில் முதுகில் உறுத்தும் சக்கரங்கள். குனிந்து ஓட்டக்கூட இடம் தராத சைக்கிள் சட்டகம். மஞ்சள் ஜெர்சி அணிந்த ஒருவர் அந்தக் கோலத்தில் 145 கிலோமீட்டர் சென்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்த விதியின் வேர் பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி தெக்ரான்ஜின் எண்ணத்தில் இருந்தது. மனிதன் தனியாக, தன் கையையும் காலையும் மட்டுமே நம்பி, எந்த உதவியும் இல்லாமல் வெல்ல வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். இந்த எண்ணம் எவ்வளவு நுணுக்கமாகச் செயல்படுத்தப்பட்டது என்பதற்கு 1913இல் யூஜேன் கிறிஸ்தோஃபுக்கு நேர்ந்ததே சான்று. பையோனிலிருந்து லூஷோன் செல்லும் கட்டத்தில், துர்மாலே கணவாயின் இறக்கத்தில், அவருடைய ஃபோர்க் ஒடிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேன்ட்-மரி-த-கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். இளமையில் பூட்டு வேலை பழகியவர் என்பதால் இரும்பைக் கையாள அவருக்குத் தெரியும். கொல்லர் வழி சொல்ல, பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்தோஃப் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கை ஒட்டினார். ஒரு கையால் சுத்தியலும் மறு கையால் இடுக்கியும் பிடித்தவருக்குத் துருத்தியை ஊத மூன்றாவது கை இல்லை. பட்டறையில் இருந்த சிறுவன் ஒருவன் துருத்தியை இயக்கினான். அதற்காக அவருக்கு 10 நிமிடம் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. மொத்தத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இழந்திருந்த அவருக்கு அந்த நிமிடங்களால் எந்த வேறுபாடும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, விதி எதைத் தடுத்தது எதை அனுமதித்தது என்பது. வழியில் இருந்தவரின் பட்டறை, உலை, கரி, இரும்பு, சுத்தியல் எல்லாவற்றையும் கிறிஸ்தோஃப் இரவல் வாங்கலாம். மற்றொருவரின் கைவலிமையை வாங்கக் கூடாது. பொருளுக்கும் உழைப்புக்கும் இடையே கோடு போட்ட இந்த விதியில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோந்தானை ஒடித்த விதியில் அந்தக் கணக்குக்கூட இல்லை. அது பொருளையே தடுத்தது. இவ்விரண்டுக்கும் இடையே 1922இல், முன்னிலையில் இருந்த பெல்ஜியரான எக்தோர் ஹூஸ்கெம், சைக்கிளின் சட்டகம் உடைந்ததால் ஓர் அதிகாரியின் அனுமதி பெற்றே மாற்று சைக்கிளில் ஏறினார். அப்படியும் பின்னர் ஒரு மணி நேரம் தண்டனை விதிக்கப்பட, ஃபிர்மேன் லாம்போ பந்தயத்தை வென்றார். களத்தில் இருந்த அதிகாரியின் சொல்லை நம்பிய போட்டியாளருக்குத் தண்டனை கொடுத்தது, என் பார்வையில், இந்த வரிசையிலேயே மிக மோசமான முடிவு. கடுமையான விதியைக்கூடப் போட்டியாளர் ஏற்றுக்கொண்டு ஓட்டிவிடலாம். நின்ற இடத்தில் ஒன்றாகவும் முடிவுக்கோட்டில் வேறாகவும் பேசும் விதியை வைத்துக்கொண்டு யாரும் ஓட்ட முடியாது.

1929இல் விதியைப் பற்றிய கேள்விகள் செய்தித்தாள்களிலேயே எழுந்தன. அந்த ஆண்டு முடிவும் தெக்ரான்ஜுக்கு உவப்பாக இல்லை. நோய்வாய்ப்பட்டிருந்த மொரிஸ் த வேலை அவருடைய அல்சியோன் நிறுவன அணி தாங்கிப் பிடித்துப் பாரிஸ்வரை கொண்டுசேர்த்து வெற்றி பெறச் செய்தபோது, ஒரு பிணம் தன் பந்தயத்தை வென்றுவிட்டது என்று அவர் குமுறியதாகச் சொல்லப்படுகிறது. 1930இல் அவர் சைக்கிள் நிறுவனங்களின் அணிகளை நீக்கிவிட்டு நாடுகளின் அணிகளைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரியான, நிறுவனப் பெயர் பொறிக்காத மஞ்சள் சைக்கிள்களை ஏற்பாட்டாளர்களே கொடுத்தார்கள். அணித்தோழர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது பந்தயத்தின் இயல்பாகவே ஏற்கப்பட்டது. தெலெக்ராஃப் ஏற்றத்தில் லெதுக்கின் பெடல் ஒடிந்தபோது, அந்தப் புதிய ஏற்பாட்டுக்கு ஒரு மாத வயதுகூட ஆகவில்லை. ஓராண்டு முன்னதாக இது நடந்திருந்தால் அழுதபடி உட்கார்ந்திருந்த அந்தப் புகைப்படமே அவர் கதையின் கடைசிப் பக்கமாக இருந்திருக்கும்.

கொடுப்பவர் யார் பக்கம்

பார்வையாளரின் உதவியைப் போற்றுவது எளிது. சாலைப் பந்தயத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டும் இல்லை. மலையின் மேல் குளிரில் நின்றவர்கள், இறங்கப்போகும் போட்டியாளருக்குச் செய்தித்தாளை நீட்டுவதும், அதை அவர் ஜெர்சிக்குள் நெஞ்சின் மேல் செருகிக்கொண்டு காற்றைத் தடுப்பதும் நெடுங்காலப் பழக்கம். நின்று பார்ப்பவரும் ஓட்டுபவரும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இந்த விளையாட்டில், ஒருவரின் தேவை மற்றவரின் கையை எட்டிவிடுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒடிந்த பெடல் குவெர்ராவுடையதாக இருந்திருந்தால்? 1930இல் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஏற்பாட்டாளர் கொடுத்த ஒரே வகைச் சைக்கிளில்தான் ஓட்டினார்கள். எனவே அதே பெடல் குவெர்ராவுக்கும் பொருந்தியிருக்கும். ஆனால் சாலையோரத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். முன்னே இருப்பவர் தங்கள் நாட்டவர். ஃபோந்தானும் தன் சொந்தப் பகுதியில்தான் கதவுகளைத் தட்டினார். முன்பின் தெரியாத இத்தாலியருக்கும் அந்த மனிதர் தன் பெடலைக் கொடுத்திருக்கலாம். நல்ல மனம் எல்லை பார்ப்பதில்லை என்று நம்பவே நானும் விரும்புகிறேன். ஆனால் பந்தயத்தின் நேர்மையை அந்த நம்பிக்கையின் மேல் கட்ட முடியாது. கூட்டம் எப்போதும் யாரையாவது விரும்பும். விரும்பப்படுபவருக்கு உதவி ஓடிவரும், மற்றவருக்கு மெதுவாக வரும், சிலருக்கு வராமலே போகும்.

இன்னொன்றும் உண்டு. பெடலைக் கொடுத்தவர் அன்று மாலை ஒற்றைப் பெடலோடு மலையிறங்கியிருக்க வேண்டும். இறக்கம் என்பதால் மிதிக்காமல் கொஞ்சத் தூரம் போகலாம். அதன் பிறகு தள்ளிக்கொண்டு நடை. பந்தய வரலாறுகள் அவரைப் பார்வையாளர் ஒருவர் என்ற அளவில் சொல்லிவிட்டு லெதுக்கோடு ஏவியானுக்குப் போய்விடுகின்றன.

பொருந்தும் சக்கரம், பொருந்தாத பெடல்

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பெரிய பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவின் 2015ஆம் ஆண்டு 10ஆம் கட்டத்தில் நடந்தது, இந்த ஆய்வின் மறுமுனையைக் காட்டுகிறது. ஃபோர்லி நகரை நெருங்கும்போது ஆஸ்திரேலியரான ரிச்சி போர்ட்டின் சக்கரம் பஞ்சரானது. முடிவுக்குச் சில கிலோமீட்டர்களே இருந்தன. ஆனால் விபத்துக்கும் பஞ்சருக்கும் நேரச் சலுகை கிடைக்கும் கடைசி 3 கிலோமீட்டர் எல்லை இன்னும் வரவில்லை. வேறோர் அணியில் இருந்த சக நாட்டவரும் நண்பருமான சைமன் கிளார்க் நின்று, தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். எல்லோரும் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கும் விரைவில் கழற்றும் அச்சும் வைத்திருந்த காலம் என்பதால் சக்கரம் நொடிகளில் பொருந்தியது. போர்ட் 47 நொடி மட்டுமே இழந்தார். தங்கள் மனிதாபிமானத்தை யாரும் மறைக்கவில்லை. படங்கள் சமூக ஊடகங்களில் பாராட்டோடு பரவின. பிறகு நடுவர்கள் விதியை எடுத்து வைத்தார்கள். வேறு அணிப் போட்டியாளருக்கு விதிக்குப் புறம்பான உதவி என்ற அடிப்படையில் இருவருக்கும் 2 நிமிடம் தண்டனை, 200 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆல்பெர்ட்டோ கொண்டதோரைவிட 22 நொடி மட்டுமே பின்தங்கியிருந்த போர்ட், ஒரே மாலையில் 3 நிமிடம் 9 நொடி பின்தங்கியவரானார்.

பன்னாட்டுச் சைக்கிள் சங்கத்தின் விதி தெளிவானது. உணவு, தண்ணீர், ஸ்பேனர் போன்ற சிறு உதவிகளைப் போட்டியாளர்கள் யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம். சைக்கிளையோ டயரையோ சக்கரத்தையோ இரவல் கொடுப்பது ஒரே அணிக்குள் மட்டும். இயந்திரக் கோளாறுக்கு உதவி வர வேண்டிய இடங்களும் வரையறுக்கப்பட்டவை: சொந்த அணியின் வாகனம், எந்த அணியையும் சாராமல் எல்லோருக்கும் உதவும் நடுநிலை உதவி வாகனம், பந்தயத்தின் கடைசியில் வரும் வாகனம். அந்தப் பட்டியலில் பார்வையாளர் இல்லை.

அந்த விதி மனிதாபிமானத்தைத் தண்டித்துவிட்டது என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விதியின் பக்கமே நிற்கிறேன். வேறு அணியின் சக்கரம் ஒருவருக்கு நட்பால் வரலாம், மற்றொருவருக்கு விலை பேசப்பட்டு வரலாம். நடுவர் நெஞ்சைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்வையாளரின் சைக்கிளைத் தடுப்பதற்கும் இன்று வலுவான காரணம் சேர்ந்துவிட்டது. 2016இல் பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த, சேறும் மேடுபள்ளமுமான பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில், போட்டியாளர் ஒருவரின் மாற்றுச் சைக்கிளின் சட்டகத்துக்குள் மோட்டார் மறைத்து வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது தன்னுடையதல்ல, நண்பருடையது என்று அந்தப் போட்டியாளர் விளக்கம் கொடுத்தார். ஆறாண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. கணக்கில் வராத சைக்கிள் பந்தயத்துக்குள் நுழைந்தால் அதை ஓட்டுகிறவரின் நேர்மையையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

விதி ஒருபுறம் இருக்க, பொருளும் தன் கதவை மூடிக்கொண்டது. 1985இல் பெர்னார் இனோ, காலணியின் அடியில் பொருத்திய தகடு பெடலில் கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் லுக் நிறுவனப் பெடலோடு டூர் டி பிரான்சை வென்றார். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் பிடியிலிருந்து வந்த தொழில்நுட்பம் அது. அதன் பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தகட்டு வடிவத்தை வைத்துக்கொள்ள, ஒருவரின் காலணி மற்றவரின் பெடலில் நிற்காத நிலை வந்தது. பெடலின் மரையளவு ஏறக்குறைய உலகம் முழுவதும் ஒன்றாகிவிட்ட நேரத்தில், பெடலின் மேற்பரப்பு பலவாகிப்போனது. 2018 முதல், சக்கரத்தின் நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் முழுமையாக அனுமதிக்கப்பட்ட பிறகு சக்கரமும் இதே வழியில் போனது. இரு பக்கமும் ஊடுருவிச் செல்லும் 12 மில்லிமீட்டர் அச்சுக்கான சக்கரம் பழைய வகை ஃபோர்க்கில் ஏறாது. 140 மில்லிமீட்டர் டிஸ்குக்கு அமைத்த பிரேக்கில் 160 மில்லிமீட்டர் டிஸ்க் நுழையாது. பின்சக்கரத்தின் பல்சக்கரங்களைத் தாங்கும் உருளையின் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

2016 ஜூலை 14 அன்று டூர் டி பிரான்சின்போது மோன் வந்து மலையில் இந்த இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் மூடியிருந்ததை உலகமே பார்த்தது. பலத்த காற்றால் முடிவுக்கோடு மலையுச்சியிலிருந்து ஷாலே ரேனார் என்ற இடத்துக்குக் கீழே இறக்கப்பட்டிருந்தது. அதனால் கூட்டம் ஒரே பகுதியில் நெருக்கியடித்தது. முன்னே சென்ற மோட்டார்பைக் ஒன்று கூட்டத்தால் நிற்க நேர, போர்ட், பௌக்க மொல்லெமா, மஞ்சள் ஜெர்சி அணிந்த கிறிஸ் ஃப்ரூம் மூவரும் அதன் மேல் மோதினார்கள். ஃப்ரூமின் சைக்கிள் உடைந்தது. அணியின் கார் கூட்டத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. ஃப்ரூம் சைக்கிள் இல்லாமலே மலையேறி ஓடத் தொடங்கினார்.

அந்த ஓட்டத்தின் படத்தை உற்றுப் பாருங்கள். இருபுறமும் மக்கள். மோன் வந்துவில் பந்தயம் பார்க்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் தங்கள் சைக்கிளிலேயே மிதித்து ஏறி வந்தவர்கள். கேட்டால் கொடுக்க நூறு பேர் இருந்திருப்பார்கள். ஃபோந்தான் இருட்டில் தட்டிய கதவுகளைவிட நூறு மடங்கு கதவுகள் அவர் இருபுறமும் திறந்தே இருந்தன. ஒன்றுகூட அவருக்கு உதவியிருக்காது. நடுநிலை உதவியின் மஞ்சள் சைக்கிள் ஒன்று அவருக்குத் தரப்பட்டது. அது விதிப்படி முற்றிலும் சரியான சைக்கிள். ஆனால் அவர் உயரத்துக்கு அது சிறியது, பெடல் அவர் காலணியோடு பூட்டிக்கொள்ளவில்லை. சில மீட்டர் தட்டுத்தடுமாறி ஓட்டிய பிறகு அணியின் சைக்கிள் வந்து சேர்ந்தது. கூட்டமும் மோட்டார்பைக்கும் செய்த இடையூறு என்பதால் நடுவர்கள் ஃப்ரூமுக்கும் போர்ட்டுக்கும் மொல்லெமாவின் நேரத்தையே கொடுத்தார்கள். அன்றைய கட்டத்தை வென்ற தோமஸ் டி ஜென்ட்டின் பெயர் இந்தக் களேபரத்தில் பலருக்கு மறந்தே போனது.

இரவல் கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்கள்

நடுநிலை உதவியின் தொடக்கமும் ஓர் இரவலில்தான் இருக்கிறது. 1972இல் தோஃபினே லிபேரே பந்தயத்தில் ஓர் அணி இயக்குநரின் கார் பழுதாகி நிற்க, சைக்கிள் உறுப்புகள் செய்யும் மாவிக் நிறுவனத்தின் தலைவர் புருனோ கோர்மான் தன் சொந்தக் காரைக் கொடுத்து உதவினார். யாருடைய அணி என்று பாராமல் எல்லோருக்கும் உதவ ஒரு வண்டி பந்தயத்தின் பின்னால் வந்தால் என்ன என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. 1973 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் அது முறையாகத் தொடங்கியது. மாவிக்கின் மஞ்சள் கார்களும் மோட்டார்பைக்குகளும் 2020வரை டூர் டி பிரான்சில் ஓடின. 2021 முதல் அந்த இடத்தில் மற்றொரு சைக்கிள் உறுப்பு நிறுவனமான ஷிமானோவின் நீல வண்டிகள் ஓடுகின்றன. இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே வேகத்தில் ஓடிவரும் உதவி என்பதால், தெலெக்ராஃபின் பார்வையாளரைப் பற்றி நான் மேலே எழுப்பிய கேள்விக்கு இதுவரை கிடைத்த நேர்மையான விடை இதுவே என்று கருதுகிறேன்.

விடை இன்னும் முழுமையானதல்ல. காரின் கூரையில் எத்தனை சைக்கிள்களை ஏற்ற முடியும்? அத்தனை உயரங்களுக்கும் அத்தனை பெடல் வகைகளுக்கும் அவை ஈடுகொடுக்க வேண்டும். மோன் வந்துவுக்கு அடுத்த ஆண்டு, 2017இல், மாவிக் தன் நடுநிலைச் சைக்கிள்களில் சீட்டுக்குக் கீழே ஏறி இறங்கும் வகைக் கம்பியைப் பொருத்தியது. ஏறி உட்கார்ந்தவர் ஓட்டிக்கொண்டே தன் உயரத்துக்கு ஏற்பச் சீட்டைச் சரிசெய்துகொள்ளலாம். பெடல்களோ வெவ்வேறு சைக்கிள்களில் வெவ்வேறு நிறுவனத்தவை. போட்டியாளர் கையைத் தூக்கியதும், ஓடிவரும் மெக்கானிக் சைக்கிளைக் கூரையிலிருந்து இறக்குவதற்கு முன்பே அவருடைய காலணியின் அடியில் இருப்பது எந்தத் தகடு என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.